சிஸ்டம் கால் தோற்கும்போது கெர்னலுக்குள் நடப்பது

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் கோடு ரிவ்யூவுக்கு வந்தால் நான் மேலிருந்து படிக்க ஆரம்பிப்பதில்லை. நேராக ஃபங்ஷனின் அடிக்குப் போய்விடுவேன். எரர் வந்தால் தாவிப்போக வேண்டிய லேபிள்கள் அங்கேதான் வரிசையாக நிற்கும். அந்த வரிசையைப் பார்த்தாலே எழுதியவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது பாதி தெரிந்துவிடும். மேலே இருக்கும் வேலை எப்படியும் ஓடும். ஓடாமல் இருந்தால் எழுதியவரே கண்டுபிடித்திருப்பார். அதே வேலை நடுவில் அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் ஓட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஹார்டுவேரை இயக்கும் கோடான டிவைஸ் டிரைவர் எழுதுவதும் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஒரு புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிதான் சிஸ்டம் கால். ஓபன், ரீட், ரைட் போன்ற கால்களை வெளியிலிருந்து எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லித்தரும் பாடங்கள் நிறையவே இருக்கின்றன. அந்தக் கால் தோற்றுப்போனால் உள்ளே என்ன நடந்தாக வேண்டும் என்பதைத் தமிழில் எழுத வெகுநாளாக ஆசை. லினக்ஸை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பழக்கம் அதுதான்.

ஒரு புரோகிராம் சிஸ்டம் கால் செய்யும்போது கெர்னல் மூன்று விஷயங்களுக்குப் பொறுப்பேற்கிறது. முடிந்தால் கேட்டதைச் செய்யும். முடியாவிட்டால் ஏன் என்று ஒரு எண்ணில் சொல்லும். அதோடு, செய்யும் வழியில் எடுத்த மெமரி, ஒரே நேரத்தில் இருவர் தொடாமலிருக்கப் பிடித்த லாக், ஏற்றிய கணக்கு எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிடும். இந்த மூன்றாவதுதான் கஷ்டம். ஒரு சாதாரண புரோகிராம் மெமரியை விடாமல் செத்துப்போனால் கெர்னல் வந்து அள்ளிக்கொள்ளும். கெர்னலே விடாமல் போனதை அள்ளிக்கொள்ள அதற்கு மேல் ஆள் கிடையாது. ரீபூட் வரைக்கும் போனது போனதுதான்.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். லினக்ஸ் கெர்னலுக்குள் எரர் மைனஸில்தான் திரும்பும். மெமரி இல்லை என்றால் -12, கொடுத்த அட்ரஸ் செல்லாது என்றால் -14, ஆர்க்யுமென்ட் தப்பு என்றால் -22. எக்ஸ்86 64-பிட் மெஷினில் இது பிராசசரின் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் உட்கார்ந்து வெளியே வரும். -1 முதல் -4095 வரை எது வந்தாலும் அது எரர் என்று எடுத்துக்கொண்டு, மைனஸை நீக்கி எர்நோ என்கிற மாறியில் போட்டுவிட்டு, ஜிலிப்சி என்கிற சி லைப்ரரி நம் கையில் -1ஐக் கொடுக்கிறது. சி புரோகிராமில் நாம் பார்க்கிற அந்த -1 பெரும்பாலும் லைப்ரரி போட்டது.

ஏன் 4095? ஒரு பேஜ் 4096 பைட். அட்ரஸ் வெளியின் கடைசிப் பேஜில் எந்தப் பொருளும் இருக்காது என்று கெர்னல் வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பாயின்டர், அதாவது ஒரு மெமரி அட்ரஸ், திருப்புகிற ஃபங்ஷன்கூட எரர் எண்ணை அந்தப் பாயின்டருக்குள்ளேயே வைத்துத் திருப்பலாம். வாங்குகிறவர் ஐஎஸ்_எரர் என்று கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அழகான ஏற்பாடு, ஆனால் இதில் ஒரு வம்பும் இருக்கிறது. 'நல் (வெற்றுப் பாயின்டர்) இல்லையே, அப்புறம் என்ன' என்று மேலே போனால், -12 என்கிற அட்ரஸைத் திறக்கப் போய் கெர்னல் 'ஊப்ஸ்' என்கிற உள்தவறு அறிக்கையை அடித்துவிடும். சில ஃபங்ஷன்கள் நல் திருப்பும், சில எரர் பாயின்டர் திருப்பும். எது எது என்று ஒவ்வொரு முறையும் மூலத்தைத் திறந்து பார்ப்பதே நல்லது.

இந்த மைனஸ் ஏற்பாட்டோடு முட்டிக்கொண்ட ஒரு கால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கெட்பிரயாரிட்டி. ஒரு புராசஸின் (ஓடும் புரோகிராமின்) முன்னுரிமையைச் சொல்லும் நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை இருக்கலாம். அதை அப்படியே திருப்பினால் -20 என்பது 'அது டைரக்டரி இல்லை' என்கிற எரர் ஆகிவிடும். அதனால் கெர்னல் 20இலிருந்து நைஸைக் கழித்து, 40 முதல் 1 வரையுள்ள எண்ணாகத் திருப்புகிறது. ஜிலிப்சி மறுபடி கழித்து நம்மிடம் தருகிறது. அப்போதும் -1 என்பது நியாயமான விடையாக இருக்கலாம் என்பதால், கூப்பிடும் முன் எர்நோவைப் பூஜ்யமாக்கிக்கொள்ளச் சொல்கிறது அதன் கையேடான மேன் பேஜ்.

பழைய யுனிக்ஸில் வேறு வழி. 1975இல் வந்த ஆறாம் பதிப்பில், பிடிபி-11 மெஷினில், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் யு ஸ்ட்ரக்சருக்குள் யு_எரர் என்று ஓர் இடம் இருந்தது. எந்த ஆழத்தில் தப்பு நடந்தாலும் அங்கே எண்ணை எழுதிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வெளியே போகும்போது கெர்னல் வாசலில் உள்ள டிராப் கோடு அதைப் பார்த்து, பிராசசரின் கேரி பிட் என்கிற கொடியை ஏற்றி, ஆர்0 ரெஜிஸ்டரில் எண்ணைப் போடும். கேரி பிட் வழக்கம் ஃப்ரீபிஎஸ்டியில் இன்றைக்கும் உண்டு. எனக்கு லினக்ஸ் வழிதான் உசத்தி. திரும்பும் மதிப்பிலேயே எரர் வருவதால், நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் அதைக் கையில் வாங்கித்தான் மேலே கொடுக்கிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் ரிவ்யூவில் கண்ணில் படும். யு_எரரை ஒருவர் பார்க்க மறந்தால் அந்த இடத்தில் எதுவுமே தெரியாது.

சரி, திருப்பி வைக்கும் வேலைக்கு வருவோம்.

ஒரு டிரைவரின் ஐஆக்டலை, அதாவது டிவைஸுக்கென்று தனிக் கட்டளை அனுப்பும் காலை, எடுத்துக்கொள்ளுங்கள். யூசர் கொடுத்த ஸ்ட்ரக்சரை உள்ளே காப்பி எடுக்கிறோம். ஒரு பஃபருக்கு மெமரி கேட்கிறோம். டிவைஸின் மியூடெக்ஸை (ஒருவகை லாக்) பிடிக்கிறோம். டிவைஸ் தானே நேராக மெமரியைத் தொடும் டிஎம்ஏவுக்காக பஃபரை மேப் செய்கிறோம். கடைசியாக டிவைஸுக்குக் கட்டளை அனுப்புகிறோம். கட்டளை தோற்றால் மேப்பை நீக்கி, மியூடெக்ஸை விட்டு, பஃபரை விடுவிக்க வேண்டும். மேப்பே தோற்றிருந்தால் பின்னால் உள்ள இரண்டு மட்டும். மெமரியே கிடைக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. பாதியில் நின்றுபோன கல்யாணத்துக்கும் பந்தல்காரரையும் வாடகைப் பாத்திரக்காரரையும் கணக்குத் தீர்த்து அனுப்பித்தானே ஆகவேண்டும். யார் யார் வந்து இறங்கினார்களோ அவர்களுக்கு மட்டும்.

கெர்னலில் இதற்கு கோட்டூதான் வழக்கம். எடுத்த வரிசைக்குத் தலைகீழாக லேபிள்கள் ஃபங்ஷனின் அடியில் நிற்கும். எந்தப் படியில் தோற்றோமோ அதற்கு உரிய லேபிளுக்குத் தாவினால், அங்கிருந்து கீழே வரிசையாக எல்லாம் விடுபட்டுக்கொண்டே வரும். கோட்டூ கூடவே கூடாது என்று காலேஜில் கேட்டுவிட்டு வருகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். அவர்களிடம் இதையே கோட்டூ இல்லாமல் எழுதிக்காட்டச் சொல்வேன். ஐந்து படி உள்ளே போன இஃப்களைப் பார்த்தபிறகு கேள்வி வராது. லேபிளின் பெயர் விஷயத்தில் மட்டும் நான் கறார். 'எரர்1, எரர்2' என்று எண் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கே என்ன விடுபடுகிறது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமும் அதையேதான் கேட்கிறது.

இந்தப் பிடிவாதத்துக்கு நான் காட்டும் உதாரணம் சிவிஇ-2016-0728. சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவெண். ஒரு புராசஸ், பெயர் சொல்லி ஒரு செஷன் கீரிங்கில், அதாவது கெர்னல் வைத்திருக்கும் சாவிக்கொத்தில், சேரலாம். கெர்னல் அந்தப் பெயரில் கீரிங் இருக்கிறதா என்று தேடும். கிடைத்தால், தேடித்தந்த ஃபங்ஷன் அதன் பயன்பாட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியே தரும். கிடைத்தது ஏற்கெனவே இந்தப் புராசஸ் வைத்திருக்கும் அதே கீரிங் என்றால் செய்ய ஒன்றுமில்லை. ரிட்டர்ன் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு 'எரர்2' லேபிளுக்குத் தாவியது கோடு. அந்த லேபிளில் மியூடெக்ஸ் விடுபட்டது, தயாரித்து வைத்திருந்த கிரெடென்ஷியல் (புராசஸின் உரிமை விவரம்) விடுபட்டது. கூட்டிய அந்த ஒன்று மட்டும் குறையவில்லை.

கவனித்தீர்களா, இங்கே எதுவும் தோற்கவே இல்லை. வெற்றி, எரர் வாசல் வழியாக வெளியே போயிருக்கிறது. பயன்பாட்டு எண்ணிக்கை 32 பிட். அதே காலைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒவ்வொன்றாக ஏறி, சுமார் 430 கோடி தடவைக்குப் பிறகு சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து கெர்னல் கீரிங்கை விடுவித்துவிடும். புராசஸ் கையில் பழைய பாயின்டர் அப்படியே இருக்கும். விடுபட்ட இடத்தில் தனக்கு வேண்டியதை நிரப்பத் தெரிந்தவருக்கு ரூட், அதாவது மெஷினின் முழு அதிகாரம், கிடைத்துவிடும். 3.8 கெர்னலிலிருந்து இருந்த ஓட்டை இது, 2016 ஜனவரியில் வெளியே வந்தது. தீர்வு ஒரே ஒரு வரி: தாவுவதற்கு முன், எண்ணிக்கையைக் குறைக்கும் கீ_புட்.

இதைவிட நுணுக்கமான இன்னொன்று உண்டு. சில செயல்களைச் செய்தபிறகு திரும்பி வரவே முடியாது. திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்ணான ஃபைல் டிஸ்கிரிப்டரை யூசருக்குக் கொடுப்பது அப்படிப்பட்டது. இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் காலியான எண் ஒன்றை ஒதுக்கிக்கொள்வோம். பிறகு எஃப்டி_இன்ஸ்டால் அந்த எண்ணில் ஃபைலைப் பொருத்தும். பொருத்திய நொடியிலிருந்து அந்த ஃபைல் புராசஸுடையது. நம் கால் இன்னும் திரும்பவில்லை என்றாலும், அதே புராசஸில் கூடவே ஓடும் இன்னொரு திரெட் அந்த எண்ணை ஊகித்துப் பயன்படுத்தலாம், மூடவும் செய்யலாம்.

இரண்டு புராசஸ்களுக்கு நடுவே டேட்டா போக வழி செய்யும் பைப் சிஸ்டம் காலை மூலத்தில் திறந்து பாருங்கள், பாடம் நடத்த அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இரண்டு எண்களை ஒதுக்குகிறது. இரண்டு ஃபைல்களைத் தயாரிக்கிறது. அப்புறம் அந்த எண்களை யூசரின் அர்ரேக்குள் காப்பி செய்து பார்க்கிறது. யூசர் கொடுத்த அட்ரஸ் தப்பாக இருந்து காப்பி தோற்றால், ஃபைல்களை விட்டு, ஒதுக்கிய எண்களையும் விட்டுவிட்டு -14 திருப்புகிறது. காப்பி ஆனால் மட்டும்தான் எஃப்டி_இன்ஸ்டால். தோற்க வாய்ப்புள்ள எல்லாம் முன்னால், தோற்கவே முடியாதது கடைசியில்.

விஎம்வேர் வர்ச்சுவல் மெஷினுக்கான கிராஃபிக்ஸ் டிரைவரில் இந்த வரிசை மாறியிருந்தது. அங்கே முதலில் எஃப்டி_இன்ஸ்டால், அப்புறம் யூசருக்குக் காப்பி. காப்பி தோற்றால் ஃபைலை விட்டுவிடுவார்கள். ஆனால் புராசஸின் டேபிளில் அந்த எண் விடுபட்ட ஃபைலையே காட்டிக்கொண்டிருக்கும். வேண்டுமென்றே தப்பான அட்ரஸ் கொடுத்து அந்த நிலையை யாரும் உண்டாக்கலாம். 2022 ஜனவரியில் வெளியானது, சிவிஇ-2022-22942. கோடில் இருந்த எல்லா வரியும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. எரரைக் கவனித்திருக்கிறார்கள், விடுவிக்கவும் செய்திருக்கிறார்கள். இரண்டு வேலைகளின் இடம் மட்டும்தான் மாறியிருந்தது. அதனால்தான் ரிவ்யூவில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, 'இதில் திரும்ப முடியாத படி எது, அதற்குப் பிறகு தோற்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?'

யூசர் அட்ரஸைத் தொடும் காப்பி ஃபங்ஷன்களைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பி_டூ_யூசர் தோற்றால் எரர் எண்ணைத் தராது, காப்பி ஆகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும். அதை அப்படியே ரிட்டர்ன் செய்துவிட்டால் வெளியே போவது ஒரு பிளஸ் எண். புரோகிராம் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். இந்தத் தப்பு அடிக்கடி நடப்பதால் ஸ்மேட்ச் என்கிற சோதனைக் கருவி இதைத் தனியாகவே தேடிப் பிடிக்கிறது. உங்கள் கோடில் ஒரு தடவையாவது அதை ஓட்டிவிடுங்கள்.

அப்புறம் சிக்னல், அதாவது ஓடும் புராசஸை நடுவில் தட்டி அழைக்கும் செய்தி. ரீட் செய்துவிட்டு டேட்டாவுக்காகத் தூங்கும் புராசஸுக்கு சிக்னல் வந்தால் தூக்கத்தைக் கலைத்தாக வேண்டும். ஆறாம் பதிப்பு யுனிக்ஸ் இதை ஒரே தாவலில் முடித்தது. காலுக்குள் நுழையும்போது சேமித்து வைத்த ஸ்டேக் நிலைக்கு நேராகப் போய்விடும், நடுவில் இருந்த ஃபங்ஷன்கள் எதுவும் திரும்பாது. அப்படியென்றால் நடுவில் யாரும் எதையும் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது. அந்தக் காலத்து பைப் கோடைப் பார்த்தால், தூங்கும் முன் ஐநோடின் (ஃபைலின் விவரப் பதிவு) லாக்கை விட்டுவிட்டுத்தான் தூங்கும். லினக்ஸில் ஒவ்வொரு ஃபங்ஷனும் முறைப்படி ஈரீஸ்டார்ட்சிஸ் என்கிற எண்ணோடு திரும்பி, தன்னுடையதை விட்டுக்கொண்டே வரும். எண் 512. யூசர் புரோகிராம் இதைப் பார்க்கவே கூடாது. வெளியேறும் வாசலில் சிக்னல் கோடு இதை மாற்றிவிடும். சிக்னலுக்கு எஸ்ஏ_ரீஸ்டார்ட் கேட்டிருந்தால், புரோகிராமின் இன்ஸ்ட்ரக்ஷன் பாயின்டரை இரண்டு பைட் பின்னால் தள்ளிவைக்கும். சிஸ்கால் இன்ஸ்ட்ரக்ஷனின் நீளம் சரியாக இரண்டு பைட், எனவே சிக்னலைக் கவனிக்கும் ஹேண்ட்லர் முடிந்ததும் அதே கால் மறுபடி நடக்கும். கேட்டிருக்காவிட்டால் ஈஇன்ட்ர் ('சிக்னலால் தடைபட்டது' என்கிற எரர்) ஆக்கி அனுப்பிவிடும். சிஸ்டம் கால்களைக் கவனித்துக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியில் ஈரீஸ்டார்ட்சிஸ் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எஸ்ட்ரேஸ் நடுவழியில் எட்டிப்பார்ப்பதால் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கால் நடக்கும்போதே தோற்பது. கால் முடிந்து வெகுநேரம் கழித்துத் தோற்பதும் உண்டு, என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான். ரைட் செய்த டேட்டா மெமரியில் நிற்கிறது, கால் வெற்றி என்று திரும்பிவிட்டது. பிறகு டிஸ்க்கில் எழுதப்போகும்போது தோற்கிறது. யாரிடம் சொல்வது? டேட்டாவை டிஸ்க்கில் எழுதிமுடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் காலைச் செய்பவரிடம். 2018இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஆட்கள் கண்டுபிடித்து எல்லோரையும் உலுக்கியது இதுதான்: லினக்ஸ் அந்த எரரை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுத முடியாமல் போன பேஜைச் சுத்தமானது என்று குறித்துவிடுகிறது. இரண்டாவது முறை எஃப்சிங்க் செய்தால் வெற்றி வரும், டேட்டா டிஸ்க்கில் இருக்காது. அதற்கு முந்தைய ஆண்டே 4.13 கெர்னலில் எர்ர்செக் என்ற ஏற்பாடு வந்து, ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எரர் தனித்தனியாகப் போய்ச்சேரும்படி ஆகியிருந்தது. போன பேஜ் போனதுதான் என்பது மட்டும் மாறவில்லை. 2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலாமல் உடனே நின்று, மாற்றங்களைக் குறித்துவைத்த பதிவேட்டிலிருந்து மீண்டு வரும்படி மாற்றிக்கொண்டது. நான் அதைச் சரியான முடிவு என்றே சொல்வேன்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கேட்டான். "அக்கா, மெமரி கேட்கிற கேமலாக் தோற்று நான் பார்த்ததே இல்லை. சின்ன அளவுக்கு கெர்னல் எப்படியாவது தந்துவிடும் என்கிறார்கள். அப்புறம் எதுக்கு இத்தனை லேபிள்?"

நியாயமான கேள்வி. சிறிய அளவு மெமரியைச் சாதாரண முறையில் கேட்டால் நடைமுறையில் கெர்னல் கைவிடுவதே இல்லை, கிடைக்கும்வரை முட்டிமோதும். அந்த லேபிள்கள் ஆபத்தாவதும் அதனால்தான். ஆண்டுக்கணக்கில் ஒருதடவைகூட ஓடாத கோடு, என்றைக்கோ ஒருநாள் மெஷின் மூச்சுத்திணறும்போது முதன்முதலாக ஓடப்போகிறது.

"இரு, தோற்கடித்துக் காட்டுகிறேன்" என்று ஃபெயில்-என்த்தைக் காட்டினேன். வேண்டுமென்றே தப்பு உண்டாக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷனோடு கட்டிய கெர்னலில், ப்ராக் டைரக்டரியின் அடியில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் இந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். அதில் 1 என்று எழுதிவிட்டு ஐஆக்டலைக் கூப்பிட்டால், அந்த டாஸ்க் கேட்கும் முதல் மெமரி கோரிக்கை தோற்கும். 2 என்று எழுதினால் இரண்டாவது. திரும்ப வந்ததும் ஃபைலைப் படிக்க வேண்டும். 0 இருந்தால் ஊசி ஏறிவிட்டது என்று அர்த்தம். 0க்கு மேல் ஏதாவது மிச்சம் இருந்தால், கால் முழுக்க ஓடியும் அத்தனையாவது கோரிக்கையே வரவில்லை, எல்லா இடத்தையும் தோற்கடித்தாயிற்று. பத்து வரி லூப். பக்கத்தில் கேமெம்லீக், கேஏசான், லாக்டெப் என்ற மூன்று சோதனை வசதிகளையும் இயக்கி வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். விடாத மெமரியை முதலாவது சொல்லும், விட்டபிறகு தொட்டதை இரண்டாவது சொல்லும். மியூடெக்ஸைப் பிடித்தபடியே யூசரிடம் திரும்பினால் லாக்டெப் ஒரு எச்சரிக்கையைப் பதிவில் கொட்டும். அவன் டிரைவரில் அன்றைக்குக் கேமெம்லீக் ஒரு வரி காட்டியது. சாயங்காலத்துக்குள் அவனே சரிசெய்து பேட்ச் அனுப்பிவிட்டான். ஐஆக்டல் சேர்க்கும் எந்தப் பேட்சோடும் இந்த லூப்பின் வெளியீட்டையும் சேர்த்து அனுப்புவது இப்போது எங்கள் டீமில் வழக்கம்.

6.5 கெர்னலிலிருந்து சி கோடிலேயே கார்ட், ஃப்ரீ என்று புது வசதிகள் வந்திருக்கின்றன. கம்பைலரின் கிளீனப் அட்ரிபியூட்டை வைத்துச் செய்தவை. மாறி தன் எல்லையை விட்டு வெளியே போகும்போது லாக்கும் மெமரியும் தாமாகவே விடுபடும், லேபிளே வேண்டாம். புதிதாக எழுதுவதற்கெல்லாம் நான் இதையே சொல்கிறேன். பழைய ஃபங்ஷனில் பாதி கோட்டூ, பாதி கார்ட் என்று கலப்பதை மட்டும் அனுமதிக்கமாட்டேன். எது எப்போது விடுபடுகிறது என்று படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும். 2022 டிசம்பரில் 6.1உடன் கெர்னலுக்குள் நுழைந்த ரஸ்ட் மொழியில் இது இயல்பே. ஃபங்ஷன் திருப்பும் ரிசல்ட்டைப் பார்க்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும், கேள்விக்குறி போட்டால் எரர் மேலே போகும், பிடித்ததெல்லாம் தானாக விடுபடும்.

ஆனால் திரும்ப முடியாத படி எது என்பதை கார்ட் கண்டுபிடித்துத் தராது. எஃப்டி_இன்ஸ்டாலை முன்னால் போட்டுவிட்டால், எவ்வளவு ஒழுங்காக விடுவித்தாலும் விஎம்வேர் டிரைவரின் கதைதான். ரஸ்ட் ஆட்கள் அதற்கும் ஓரளவு வழி செய்திருக்கிறார்கள். ஒதுக்கிய எண் அங்கே ஒரு தனிப் பொருள். பொருத்தாமல் விட்டால் அது தானாகவே எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடும். பொருத்தும் ஃபங்ஷன் அந்தப் பொருளையும் ஃபைலையும் விழுங்கிவிடுவதால், பொருத்தியபிறகு இரண்டில் எதையாவது விடுவிக்க நினைத்தால் கோடு கம்பைலே ஆகாது. சி பக்கத்தில் இன்னும் அதை ரிவ்யூ செய்கிறவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.